இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

எங்கள் வண்டி கியர் மாறும்போதெல்லாம் பின்னால் அடுக்கியிருக்கும் அண்டாக்கள் ஒரு தடவை ‘டங்’ என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வரவழைத்தது நான்தான். இதை அடக்கமாகச் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை.

என் கணவர் கல்யாண சமையல் மாஸ்டர். கிளியனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அடுப்பு, அண்டா, கரண்டி, கிரைண்டர் எல்லாமே சொந்தம். அவற்றை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. அவர் சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை, ஓட்டும் ஆசையும் இல்லை. ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைக்கச் சொன்னால் பதறாத மனிதர், சாலையைக் குறுக்கே கடக்க என் தோளைப் பிடித்துக்கொள்வார்.

எனக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. தொடையைக் கையால் ஊன்றிக்கொண்டு நடப்பேன், வேகமாகவே நடப்பேன். அழுத்தி மிதிக்க மட்டும் அந்தக் காலால் ஆகாது. எனக்கு லைசென்ஸ் கொடுத்ததே கிளட்ச் இல்லாத வண்டிக்குத்தான். ஆகவே பாத்திரம் ஏற்ற சொந்தமாக வண்டி வாங்கலாம் என்று முடிவானபோது, எல்லோரும் வாங்கும் மினி லாரியை வாங்கவில்லை. புதுச்சேரியில் ஒருவர் ஆசைக்கு வாங்கி, ஆசை தீர்ந்ததும் விற்ற பிக்கப் வண்டியை வாங்கினோம். முன்னால் கார் மாதிரி நான்கு கதவு, பின்னால் திறந்த தொட்டி. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். கீழே இரண்டே பெடல், இரண்டும் வலது காலுக்கு. இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துவிட்டால் அதற்கு அப்புறம் ஒரு வேலையும் கிடையாது.

அதற்கு முன்னால் வாடகை வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் போவேன். மண்டபத்தில் இறங்கி நடந்தால், “பாவம், இந்தக் காலை வெச்சிக்கினு எங்கெல்லாம் அலையுது” என்று யாராவது சொல்வார்கள். காது கேட்காதவளைப் பற்றிப் பேசுவதுபோல என் எதிரிலேயே சொல்வார்கள். சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு அதே ஆட்கள், “எங்க நிறுத்தறீங்க? அந்தப் பைக்கை எடுக்கச் சொல்லவா?” என்று கேட்டார்கள். கால் அதேதான். உட்காரும் இடம் மாறியதில் இத்தனை வித்தியாசம். அந்த சீட்டை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அப்போதே மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

வண்டியில் ஒரு குறை இருந்தது. கியர் மாறுவதே தெரியாது, அவ்வளவு வழுவழுப்பு. முதலில் அதைச் சொகுசு என்று நினைத்து நானும் பீற்றிக்கொண்டேன். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அது சொகுசுதான். முழு லோடு ஏற்றினால் அதுவே வினை. கியர் மாறும் நேரத்தில் பிடிப்பு வராமல் என்ஜின் தனியாகக் கத்தும், வண்டி தனியாக யோசிக்கும். ஒரு முகூர்த்த நாளில் திண்டிவனம் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகாமல் அப்படியே இழுத்துவிட்டது. பின்னால் பஸ் ஒன்று ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைத் தாண்டுவதற்குள் என் ஜாக்கெட் முழுக்க நனைந்துவிட்டது.

விழுப்புரத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நல்ல வேலைக்காரர். வண்டியை ஓட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“இது ஃபேமிலியா போறவங்களுக்குச் செஞ்ச பாக்ஸும்மா. லோடு அடிச்சா தாங்காது. இதக் கழட்டிப் போட்டுட்டு கிளட்ச் வெச்ச கியர் பாக்ஸ் மாத்திடலாம். அப்புறம் பேஜாரே இருக்காது.”

“கிளட்ச்ச நான் எப்படிண்ணே மிதிப்பேன்?”

“ஒரு டிரைவரப் போட்டுக்கங்க. நீங்க பக்கத்துல உக்காந்துக்கினு ஜாலியா வாங்க.”

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது என் கணவர், “டிரைவரு வந்தா நீ வூட்டோட நின்னுடுவ. ரசத்துல உப்பு கம்மியான்னு அவன் கிட்டயா கேக்க முடியும்? நீயே ஓட்டு” என்றார். போகும் மண்டபத்திலெல்லாம் ரசத்தை என்னிடம் ருசி பார்க்கச் சொல்லும் மனிதரின் கவலை அது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வழி காட்டியவர் கோட்டக்குப்பத்து பாய் ஒருவர். அவர் மகள் கல்யாணத்துக்குப் பிரியாணி போட வேறு மாஸ்டர் வந்தாலும் பாத்திரம் எங்களுடையது. இறக்கப் போனபோது வாசலில் நின்றிருந்தவர், நான் வண்டியைத் திருப்பிய சத்தத்தைக் கேட்டுவிட்டு, “கியரு வழுக்குது போலயே தங்கச்சி” என்றார். வளைகுடா நாட்டில் இருபது வருஷம் கியர் பாக்ஸ் மட்டுமே பார்த்தவர், முதுகுத் தண்டு கெட்டு ஊர் திரும்பியிருந்தார். அங்கே ஓடும் பிக்கப் பெரும்பாலும் இந்த மாதிரிதானாம். லோடு அடிப்பவர்கள் அதற்கென்று ஒரு கிட் வாங்கிப் போட்டுக்கொள்வார்களாம். கியர் மெத்தென்று மாறாமல் நறுக்கென்று மாறுமாம்.

“பாக்ஸ எறக்கவே வேணாம். அடியில இருக்கற எண்ணெய்த் தட்டு, அந்தப் பேனக் கழட்டி, வால்வ் பாடிய மட்டும் எடுத்தா போதும். வூட்டுலயே பண்ணலாம். ஆனா என்னால குனிய முடியாது” என்றார்.

“குனிய வேண்டாம் பாய். நான் படுத்துக்கறேன்” என்றேன்.

அவருடைய தம்பி லீவில் வரும்போது, பேரீச்சம்பழத்துக்கும் தைலத்துக்கும் பால்பவுடர் டின்னுக்கும் நடுவில் அந்தக் கிட் வந்து சேர்ந்தது. கொஞ்சம் ஸ்பிரிங், கொஞ்சம் இரும்புக் குண்டு, ஒரு சின்ன டிரில் பிட். இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

விஷயம் இதுதான். கியர் பெட்டிக்குள் வால்வ் பாடி என்று ஓர் அலுமினியப் பாளம் இருக்கிறது. அதற்குள் வாய்க்கால் வாய்க்காலாக எண்ணெய் ஓடும். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டும்போது எந்த மடையைத் திறக்கிறோமோ அந்தப் பாத்திக்குத் தண்ணீர் பாயும் இல்லையா, அதுபோல எந்த வழி திறக்கிறதோ அந்தக் கியர் விழும். பாளத்தின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு மெல்லிய இரும்புத் தகடு. அந்த ஓட்டைகள்தான் மடை. குறிப்பிட்ட சில ஓட்டைகளை ஒரு நூல் அளவு பெரிதாக்கி, ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் எண்ணெய் வேகமாகப் பாய்ந்து கியர் தாமதிக்காமல் பிடித்துக்கொள்ளும். எங்கள் காஸ் அடுப்புகளின் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது எப்போதும் நான்தான். ஓட்டை, அழுத்தம் இரண்டும் எனக்குப் புதிதல்ல.

எங்கள் வீட்டு வாசலில் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, வண்டியை அதன்மேல் ஏற்றி, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தோம். பாய் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் கோணியை விரித்து மல்லாக்கப் படுத்து உள்ளே போனேன். வண்டிக்கு அடியில் படுத்துவிட்டால் எல்லோர் காலும் ஒன்றுதான், யாருக்கும் அதனால் உபயோகம் இல்லை. அந்த நினைப்பில் எனக்குச் சிரிப்பு வந்து பாய் என்னவென்று கேட்டார், நான் சொல்லவில்லை.

எண்ணெயை வடித்த சட்டியை என் கணவர் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். “தீஞ்ச வாசனை இல்ல. கொஞ்சம் பழசாயிருக்குது, அவ்ளோதான்” என்றார். பாயும் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். உள்ளே கியரைப் பிடிக்கும் பிளேட் எதுவும் எரியவில்லை என்று அர்த்தமாம். வாசனை விஷயத்தில் என் கணவர் மூக்கு தப்பு சொன்னதில்லை என்பதால் நான் அப்போதே பாதி நிம்மதியாகிவிட்டேன்.

கழற்றிய சாமான்களுக்கு அவர்தான் இடம் கொடுத்தார். பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் துணி விரித்து வால்வ் பாடியை வைத்தார். கடுகும் மிளகும் கிடந்த அஞ்சறைப் பெட்டியைக் கொட்டிக் கழுவித் துடைத்து, நீளத்துக்கு ஒரு குழியாக போல்ட்டுகளைப் பிரித்துப் போட்டார். மிளகை விடக் கொஞ்சம் பெரிய இரும்புக் குண்டுகள் நடுக் குழியில். சமையலுக்கு எடுத்து வைக்கிற ஒழுங்கு அப்படியே இங்கேயும் வந்துவிட்டது. பாய் பார்த்துவிட்டு, “எங்க ஒர்க்ஷாப்புல கூட இவ்ளோ நீட்டா வெச்சதில்ல” என்றார்.

தகட்டில் டிரில் ஓட்டும்போது மட்டும் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். ஒரு நூல் கூடினால் தகடு பாழ், வேறு தகடு இந்த ஊரில் கிடையாது. பிசிறைத் தேய்த்து, பெட்ரோலில் அலசி, வெயிலுக்கு நேரே பிடித்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வெளிச்சம் தெரிந்தது. தாம்பாளத்தில் வைத்துவிட்டுக் கை கழுவிச் சாப்பிடப் போனேன்.

நான் உள்ளே இருந்த அந்த நேரத்தில்தான் என் கணவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். எந்த வேலையையும் பூசை போடாமல் தொடங்க அவரால் முடியாது. கல்யாண வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அடுப்புக்கு, அண்டாவுக்கு, கரண்டிக்கு, கிரைண்டருக்கு என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார். நான் வெளியே வந்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, சக்கரங்களிலும் கழற்றிய பேனிலும் பொட்டு இருந்தது. தகட்டில் ஒன்றுமில்லை. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே படுத்தேன்.

மாட்டி முடித்து, புது எண்ணெய் ஊற்றி, சாயங்காலம் கிளியனூர் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். ஒன்றிலிருந்து இரண்டுக்கு நறுக்கென்று விழுந்தது. முதுகில் யாரோ செல்லமாகத் தட்டியதுபோல் இருந்தது. பாய் பின்சீட்டிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அடுத்து மூன்று வரவேண்டும். வரவில்லை. என்ஜின் முன்னைவிட மோசமாகக் கத்தியது. ரொம்ப நேரம் கழித்து, இடித்தாற்போல் வந்து விழுந்தது.

“போதும் தங்கச்சி. நிறுத்துங்க. இப்படியே ஓட்டினா உள்ள இருக்கறதும் பூடும்” என்றார் பாய்.

முதல் கியரிலேயே வீடு வந்து சேர்ந்தோம். டிரில் செய்த அளவு தப்பா, குண்டு இடம் மாறிவிட்டதா, அந்தக் கிட்தான் சரியில்லையா என்று பாய் யோசித்தார். எதுவென்று தெரியவில்லை, மறுபடியும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். திண்டிவனத்தில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்ததால் பிரிக்க நேரமில்லை. இதற்குள் விழுப்புரம் மெக்கானிக்குக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. போன் செய்தார். “காயலான் கடையில நல்ல பாக்ஸ் ஒண்ணு, கிளட்ச் பெடலோட கெடைச்சிருக்குது. உங்களுக்குன்னு எடுத்து வெச்சிட்டேன். பெடல்ல உங்க வண்டி நம்பர சாக்பீஸ்ல எழுதிட்டேன்” என்றார். கல்யாணம் முடிந்ததும் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

திண்டிவனத்துக்கு வாடகை வண்டியில் போனோம். டிரைவர் பொடியன்தான், மரியாதையாகவே பேசினான். பாதி வழியில், “கால் எப்படிக்கா இப்படி ஆச்சு?” என்று கேட்டான். வண்டி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் லட்டுக்குப் பூந்தி பிடிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. என் கணவர் பூந்திக் கரண்டியைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்து, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி ஓட்டைகளைக் குத்திக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

“இன்னா மாமா அது?”

“பூசைக்கு வெச்ச சந்தனம். ஓட்டையில பூந்துக்கினு காஞ்சி கெடக்குது. எவனோ சரியா கழுவல. எண்ணெயில போட்டாலும் இது கரையாதே, இன்னும்தான் கெட்டிப்படும்.”

நான் அவர் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தேன். ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு. ஒவ்வொரு ஓட்டையிலும் வெளிச்சம், இரண்டு மூன்றில் மட்டும் இல்லை.

“மாமா, அன்னிக்கு அந்தத் தகட்டுக்குப் பொட்டு வெச்சீங்களா?”

அவர் குத்துவதை நிறுத்தினார். “வெச்சேன்” என்றார். “அப்புறம் நீ கத்துவியேன்னு துண்டால அழுத்தித் தொடச்சிட்டேன். நல்லா தொடச்சேன்மே.”

நான் கத்துவேன் என்று பயந்து துடைத்திருக்கிறார். துடைத்ததில் மேலே இருந்தது போய், மீதி ஓட்டைக்குள் இறங்கியிருக்கிறது. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை. என் கை தப்பாகப் போகவில்லை, டிரில் தப்பாகப் போகவில்லை, கிட்டில் குறையில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் என் மூன்றாவது கியர் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. பூந்தி அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சிரித்தேன். கைவேலைக்காரப் பெண்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் திரும்பவும் கோணி, திரும்பவும் மல்லாக்க. பாய் வரும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. தகட்டை எடுத்து வெயிலில் பிடித்தேன். நான் பெரிதாக்கிய ஓட்டைகளில் ஒன்று இருட்டாக இருந்தது. ஈர்க்குச்சியால் குத்தினேன், மஞ்சளாக ஒரு பொருக்கு உதிர்ந்து தாம்பாளத்தில் விழுந்தது. அரிசி நொய் அளவுகூட இருக்காது. அதுதான் என்னைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளப் பார்த்தது. என் கணவர் அதை விரல் நுனியில் ஒட்டி எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை மாட்டி முடிக்கும்வரை அவர் சந்தனக் கிண்ணத்தைத் தொடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, “பானட்டுக்கு வைக்கலாமா?” என்று அனுமதி கேட்டார். வைக்கச் சொன்னேன்.

அடுத்த முகூர்த்தம் முகையூர் பக்கம். முழு லோடு ஏற்றினோம், வேண்டுமென்றே கிரைண்டர் இரண்டையும் சேர்த்து ஏற்றச் சொன்னேன். திண்டிவனம் மேம்பாலத்தில் ஏற ஆரம்பித்தோம். ஒன்று. நறுக்கென்று இரண்டு, பின்னால் அண்டாக்கள் ‘டங்’ என்றன. கொஞ்சம் அழுத்தினேன். மூன்று விழுந்தது, மறுபடி ‘டங்’. பாலத்தின் உச்சியில் ஒரு பஸ்ஸைத் தாண்டினேன். ஹாரன் அடித்துவிட்டே தாண்டினேன்.

“அண்டா நசுங்கிடப் போவுது, மெல்லமா போ” என்றார் என் கணவர். அவர் முகத்தில் இருந்த சிரிப்புக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை.

விழுப்புரத்தில் மெக்கானிக் ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். சுவரோரம் அந்தக் கிளட்ச் பெடல் சாய்ந்திருந்தது, சாக்பீஸில் எங்கள் வண்டி நம்பரோடு. அது எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் நிறுத்தினேன். அவர் நம்பவில்லை. “வூட்டுலயா பண்ணீங்க?” என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, “நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கவா?” என்றார். இறங்கி அவருக்குச் சீட்டைக் கொடுத்தேன், என் கணவர் பின்சீட்டுக்கு மாற நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். ஒரு ரவுண்டுக்கு மட்டும்.

கிளம்பி இருபது அடி போவதற்குள் வண்டி குப்புறக் கவிழ்வதுபோல் குலுங்கி நின்றது. அண்டாக்கள் எல்லாம் முன்னால் வந்து மோதின. வேறொன்றுமில்லை, கியர் மாறப்போகிறது என்று தெரிந்ததும் அவருடைய இடது கால் பழக்கத்தில் கிளட்ச்சைத் தேடிப்போய், அங்கிருந்த அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே மாதிரி நின்றது. எத்தனையோ வருஷம் ஓட்டிய கால், சொன்னால் கேட்குமா? பின்சீட்டில் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இடது காலச் சீட்டுக்கு அடியில மடக்கி வெச்சிக்கங்கண்ணே” என்றேன். “அதுக்கு இங்க வேலையே இல்ல.”

அவர் குனிந்து என் பக்கம் பார்த்தார். பக்கத்து சீட்டில் என் இடது கால் எப்போதும்போல் மடங்கி உள்ளே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, அதேபோல் தன் காலையும் மடக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் வண்டி ஒழுங்காகப் போனது. இரண்டு விழுந்தது, மூன்று விழுந்தது, பின்னால் அண்டாக்கள் சத்தம் போட்டன.

என் இடது காலைப் பார்த்துப் பாவப்பட்டவர்கள் நிறையப் பேர். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.